மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு கொக்கி

வெள்ளகோவில் பக்கம் மாட்டுச் சந்தை பார்க்க வேண்டும், எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். தங்குவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் போனது 1996 மே மாதம், தங்கியது மாமியார் வீட்டில். அங்கே வாடகை கிடையாது, ஆனால் மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டாக வேண்டும், போதும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நான் மாடு பார்க்கவும் போகவில்லை. ஒரு மடக்குக் கத்தியின் முதுகில் இருந்த கொக்கி எதற்கு என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

மடக்குக் கத்திகள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் இரும்புக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கத்தி இருக்கிறது. ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கக்கூட உதவாத கும்பல் என்பாள் மனைவி விஜயா. நான் திருநெல்வேலிக்காரன், அவள் கோயம்புத்தூர் துடியலூர்க்காரி. கோடை விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போன இடத்தில்தான் இந்தக் கத்தி என் கையில் கிடைத்தது.

விஜயாவின் அண்ணன் கந்தசாமி வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இரண்டு. பம்புசெட் கம்பெனிகளுக்கு வாஷரும் மூடியும் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். வரைபடம் அடுத்தவருடையது, பெயரும் அடுத்தவருடையது. அந்த வருடம்தான் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு பொருள் செய்ய இறங்கியிருந்தார். வெள்ளகோவில் இரும்புக் கடைக்காரர் ஒருவர் பழைய மடக்குக் கத்தி ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி செஞ்சு குடுங்க, நான் வித்துத் தாரேனுங்க" என்று சொல்லியிருந்தார்.

கைப்பிடி மடித்த இரும்புத் தகடு. அலகு ஒரு விரல் நீளம், முனை கூர்மையாக இல்லாமல் மழுங்கி உருண்டிருந்தது. மாட்டுக்காரர்கள் கத்தி, பக்கத்தில் நிற்கும் மாட்டைக் குத்திவிடக் கூடாது என்று அப்படி வைத்தார்களாம். அது புரிந்தது. புரியாதது அலகின் முதுகில், மடங்கும் ஆணிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கி. கோழி அலகு மாதிரி சின்னதாக, மடக்கி வைத்தால் கைப்பிடியின் வால் நுனியைப் பார்க்கும்படி வளைந்திருந்தது. கத்தியை மடக்கினாலும் அது மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

கத்தி அலகை அறுத்து எடுப்பதில்லை. எஃகுப் பட்டையை பிரஸ்ஸில் வைத்து ஒரே அடியில் வெட்டி எடுப்பார்கள். அதற்கு அலகின் வடிவத்தில் ஓர் அச்சு வேண்டும், பட்டறையில் டை என்பார்கள். மென்மையான எஃகில் அரத்தால் ராவி வடிவம் கொண்டுவந்து, பிறகு உலைக்கு அனுப்பிக் கடினமாக்க வேண்டும். உலைக்குப் போய் வந்த டையில் அரம் வழுக்கும். அதன்பிறகு அது என்ன வடிவமோ, ஆயுசுக்கும் அதுதான். கொக்கி வேண்டுமென்றால் டையில் கூரான மூலை ஒன்று விழும். சூடாக எடுத்து எண்ணெயில் முக்கும்போது அந்த மாதிரி மூலையில்தான் விரிசல் விடும். விட்டால் மச்சானின் இரண்டு மாத வேலை பழைய இரும்பு. கொக்கி வேண்டாமென்றால் பயமே இல்லை. அவர் இரண்டுக்கும் இடம் வைத்து, அந்த ஓர் இடத்தை மட்டும் ராவாமல் நிறுத்தியிருந்தார்.

"எடுத்துப் போடலாம்னு இருக்கனுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "கடைக்காரருகிட்ட, கொக்கி தேவையில்லைங்களான்னு கேட்டனுங்க. தேவையில்லீங்கன்னு சொல்லிப்போட்டாரு. சனிக்கெழமை மூணு மணிக்கு ஒலைக்காரரு வண்டி வருதுங்க."

"யாரோ மெனக்கெட்டு ராவி வச்சிருக்கான் மச்சான். காரணம் இல்லாம இருக்காது" என்றேன்.

"அப்ப நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத கத்தியாங்க?"

பாராட்டா கிண்டலா என்று கொங்கு நாட்டில் எனக்கு இன்றுவரை பிரித்துத் தெரிவதில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இதே வகைக் கத்தி ஒன்று போத்தனூரில் மச்சானின் நண்பர் பீட்டரிடம் இருந்தது. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துடியலூரிலிருந்து டவுனுக்குப் பத்து கிலோமீட்டர், உக்கடத்தில் மாறிப் போத்தனூருக்கு இன்னும் ஆறேழு. விஜயாவும் வந்தாள். ஸ்டேஷன் பக்கம் போகிறவர்கள் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் நிழல் கிடையாது. பீட்டர் வீட்டில் டீயும் வருக்கியும் வைத்துவிட்டுத்தான் கத்தியையே எடுத்தார். அவருடைய கத்தியில் கொக்கி இன்னும் பெரிது.

"இது சோடா மூடி திறக்கத்தானே?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"இல்லை, கம்பி வளைக்கவா?"

"கம்பியும் வளைக்கலாமுங்க."

"பெல்டில் மாட்டித் தொங்கவிடறதுக்கோ?"

"தாராளமாத் தொங்கவிடலாமுங்க."

ஒரே கொக்கிக்கு மூன்று உபயோகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் கலர் வாங்கி, மச்சானின் கத்தியை வைத்தே திறந்து பார்த்தேன். கொக்கி வழுக்கி, பாட்டில் வாய் உடைந்ததுதான் மிச்சம். "நல்லாத் தொறக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் தன்னுடைய ஓப்பனரைத் தேடினார். பாட்டிலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

இரும்புக் கடைக்காரரையே நேரில் கேட்டுவிடலாம் என்று, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்காநல்லூரில் கரூர் பேருந்து பிடித்தோம். சூலூர், பல்லடம், காங்கயம் வழியாக வெள்ளகோவில் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டரை மணி நேரம். ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று ஞாபகம். சூலூர் தாண்டும்போது விஜயா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நேத்து கெளம்பறப்ப பீட்டரண்ணன் வாசல்ல வெச்சு என்கிட்ட ஒண்ணு சொன்னாருங்க. அந்தக் கொக்கிய அவரு எதுக்கும் உபயோகிச்சதே இல்லையாம். அது எதுக்குன்னே தெரியாதாம். அது பாட்டுக்கு பேண்ட் பையில மாட்டிக் கத்தி தொறந்துக்குதுன்னு பயந்து, மேசைக்குள்ள வெச்சுட்டாராம்."

"பிறகு ஏன் எல்லாத்துக்கும் ஆமாங்க ஆமாங்கன்னார்?"

"நீங்க பதிலையும் நீங்களே சொல்லிப்போட்டுக் கேட்டா, அவரு என்னங்க பண்ணுவாரு? ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைய இல்லைன்னு சொல்ல முடியுமாங்க?"

எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஊரில் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்திலும் "உமக்கு யாருவே சொன்னா?" என்றுதான் பதில் வந்திருக்கும். இங்கே, விருந்தாளி வாயிலிருந்து வந்ததை மறுப்பது மரியாதை இல்லை. இரும்புக் கடைக்காரரிடம் மச்சான் கேட்டதும் இதே மாதிரிக் கேள்விதான். தேவையில்லைங்களா என்று கேட்டிருக்கிறார், தேவையில்லீங்க என்று வந்திருக்கிறது. அந்தப் பதிலை நம்பித்தான் டை மூன்று மணிக்கு உலைக்குப் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் பல்லடம் தறிச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை.

காங்கயம் தாண்டியதும் பார்க்க வேண்டிய நாடு. கிளுவை மரத்தை வேலியாக வளர்த்து, அதற்குள் மேய்ச்சலுக்கென்றே நிலத்தை விட்டிருப்பார்கள். கொறங்காடு என்று பெயர். மே மாதத்தில் புல் காய்ந்து கிடந்தாலும் நடுவே ஒரு வெள்வேல மரமும், அதன் கீழே திமிலோடு நாலு மாடும் நிற்கும். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் அடிக்கும்.

வெள்ளகோவிலில் இறங்கியபோது ஒன்பதரை. இரும்புக் கடையில் இருந்த பெண், முதலாளி சந்தைக்குப் போயிருக்கிறார் என்றார். நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார். "பதினஞ்சுக்கு வரலாமா?" என்றேன். "வரலாமுங்க" என்றார். இறங்கும்போது இருபதுதான் வாங்கினார், அதையும் மரியாதையாகத்தான் வாங்கினார்.

சந்தைத் திடலில் கடைக்காரரைத் தேடி மதியம் ஒரு மணி வரை சுற்றினோம், ஆள் அகப்படவில்லை. வெயில் ஏறிவிட்டது. மாடு ஏற்ற வந்த ஒரு டெம்போ அருகே, வேப்ப மர நிழலில் ஒதுங்கினோம். அங்கே ஓர் அம்மா காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, சட்டைக்கு மேல் விவசாயிகள் கட்டும் பச்சை பெல்ட். வாங்க வந்தவர் விலையை ஏற்றட்டும் என்று அலட்டிக்கொள்ளாமல் நின்றார்.

டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கிடாரிக் கன்று பலகையில் கால் வழுக்கி விழுந்தது. கழுத்துக் கயிறு வண்டியின் கம்பியில் கட்டியிருந்தது. கிடாரி அந்தரத்தில் தொங்கிக் கால்களை உதறியது, கண் பிதுங்கியது. முடிச்சை அவிழ்க்கப் போனவருக்கு இறுகின முடிச்சு அசையவில்லை. இந்த அம்மாவின் இடது கையில் மிரண்டு துள்ளும் காளையின் மூக்கணாங்கயிறு. அதை விடாமலே அவர் இரண்டு எட்டு வைத்தார். வலது கை இடுப்புக்குப் போய் மேலே வந்தது. கயிறு அறுந்து கிடாரி தொப்பென்று மண்ணில் விழுந்து, எழுந்து நின்று மூச்சு வாங்கியது. நான் பார்த்தது கயிறு அறுந்ததைத்தான். கத்தி எப்போது திறந்தது என்று எனக்குத் தெரியாது.

அதே கத்தி. அதே கொக்கி.

"இது இடுப்பில் மாட்ட..." என்று நான் ஆரம்பித்தேன். விஜயா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவள் கேட்டாள், "ஏனுங்க்கா, ஒரு கையில புடிச்சிருந்தீங்க. கத்தி எப்படீங்க தொறந்துச்சு?"

அம்மாவின் பெயர் பாவாத்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் முன்பல் ஒன்று இல்லை.

"இப்படித்தானுங்க அம்மணி" என்று கத்தியை மடக்கி, மடங்கும் முனை கீழே இருக்கும்படி பெல்ட்டின் சின்னப் பைக்குள் சொருகினார். வாலைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தார். கத்தி முழுதும் வெளியே வரும் கடைசி நொடியில் அந்தக் கொக்கி பையின் தடித்த விளிம்பில் மாட்டியது. கை மேலே போக, விளிம்பு அலகைப் பிடித்து நிறுத்திக்கொள்ள, கத்தி தானாக விரிந்து நின்றது. இழுப்பதுதான் திறப்பது. இன்னொரு கை வேண்டியதே இல்லை.

"மாட்டுக்காரங்களுக்கு ஒரு கை எப்பவும் கயித்துலதானுங்க இருக்கும். நெகம் போட்டுத் தொறக்கறதுக்கு எங்க போறதுங்க? பல்லுல கடிச்சுத்தான் தொறப்பம். அதுலதான் இந்தப் பல்லே போச்சுங்க. எங்க கொழுந்தனாரு லேத்துப் பட்டறை வெச்சிருந்தாரு. ஒரு கையிலயே தொறக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு கேட்டனுங்க. மொதல்ல அலகுல ஒரு ஆணி வெச்சுக் குடுத்தாரு, கட்டை வெரல்ல தள்ளோணும். மழையில வழுக்கிப்போட்டுது. அப்புறம், கத்தி கீழ உழுந்தராம பெல்ட்டுல மாட்டிக்கறதுக்குன்னு இந்தக் கொக்கிய வெச்சாரு. அது இழுக்கறப்பெல்லாம் மாட்டித் தொறந்துக்குச்சுங்க. தப்பாப் போச்சு, ராவிப் போடறேன்னாரு. அட, இதைத்தானுங்க நானு கேட்டேன், கைய வெக்காதீங்கன்னு புடுங்கிட்டு வந்துட்டேன்."

"மொதல்ல செஞ்சதுல கொக்கி பெருசுங்க" என்று தொடர்ந்தார். "பெல்ட்டு கட்டாத டவுன்காரங்களுக்கு அது பையிலயே தொறந்துக்குச்சு. அதைய அப்புறம் சின்னதாக்குனாங்க."

பீட்டர் மேசைக்குள் பூட்டி வைத்திருப்பது அந்த முதல் வகை. கொழுந்தனார் பிறகு லாரிக்கு பாடி கட்டும் வேலைக்கு மாறி, நன்றாக இருக்கிறாராம். கத்தி செய்ய ஆள் இல்லாமல்தான் கடைக்காரர் துடியலூர் வரை வந்திருக்கிறார். கொக்கியின் கதை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன்.

"வாங்குறவங்க இது ஓப்பனருங்களான்னு கேப்பாங்க. ஆமாங்கம்பாரு கடைக்காரரு" என்றார் பாவாத்தாள்.

மணி இரண்டு தாண்டிவிட்டது. ஆட்டோவில் வெள்ளகோவில் வந்து, ஒரு எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்து, லைன் கிடைத்தபோது மூன்றுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. பதற்றத்தில் கற்ற பாடமெல்லாம் பறந்துவிட்டது. "மச்சான், டை போயிடுச்சா?" என்று பதிலைச் சேர்த்தே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, இதற்கு ஆமாங்க என்றால் நான் எதை நம்புவது?

"இல்லீங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "நீங்க விசாரிக்கப் போயிருக்கீங்க. பதிலு வராம எப்படீங்க அனுப்பறது?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் 'இல்லை' அது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொக்கி இருக்கட்டும், அதுதான் கத்தியே என்று சொன்னேன். மூலை விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிங்க, ராவி அடுத்த வண்டிக்குக் குடுத்துடறேன்" என்றார்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கரூர், திருச்சி வண்டிகள் சிங்காநல்லூர் நிலையத்தில்தான் நிற்கின்றன. காலை ஏழுக்குள் ஏறிவிடுங்கள், காங்கயத்தில் டிபன் சாப்பிடலாம். நான் போனபோது வெள்ளகோவில் ஈரோடு மாவட்டம், இப்போது திருப்பூர். சந்தைக்குச் செருப்பு போதும், ஷூ போட்டால் கழுவ நீங்கள்தான் இருக்கிறீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வழி கேட்கும்போது "இந்தப் பக்கம்தானே?" என்று கையை நீட்டாதீர்கள். ஆமாங்க என்று சொல்வார்கள், நீங்களும் போய்க்கொண்டே இருப்பீர்கள். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள், கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்டில் சுதந்திர தின விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து நாங்கள் மறுபடி போனோம். டை உலையிலிருந்து முழுசாக வந்திருந்தது. மூலையின் உட்புறத்தை மட்டும் துளி உருட்டி ராவிவிட்டு அனுப்பினாராம் மச்சான். முதல் பெட்டிக் கத்தியைக் கடைக்குக் கொடுக்கும் முன், பாவாத்தாளிடம் காட்ட வேண்டும் என்றார். மூன்று பேரும் அவருடைய தோட்டத்துக்குப் போனோம். வழியெல்லாம் மச்சானுக்கு ஒரே கவலை.

"அவிங்க நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க மாப்பிள்ளை. அலகு கழண்டு கையில வந்தாலும் அதையேதான் சொல்லுவாங்க. நெசமா எப்படி இருக்குதுன்னு எப்படீங்க தெரிஞ்சுக்கறது?"

தோட்டம் வந்துவிட்டது. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்களே, மச்சான் அதை மேசை மேல் வைத்தார். பாவாத்தாள் தன் பழைய கத்தியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, புதியதை பெல்ட்டில் சொருகி மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் திறந்தது. "நல்லாருக்குதுங்க" என்று மடக்கிப் பழையதற்குப் பக்கத்தில் வைத்தார். மச்சான் என்னைப் பார்த்தார். சொன்னேன் பாத்தீங்களா என்கிற பார்வை.

மோர் வந்தது. மழை பற்றியும் விலை போன காளை பற்றியும் பேசினோம். மச்சான் மோரைப் பாதியில் வைத்துவிட்டார். கிளம்பலாம் என்று எழுந்து செருப்பைத் தேடியபோது, கட்டுத்தறியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், மாடு கயிற்றைச் சுற்றிக்கொண்டதாம். "வாரேன்" என்று பாவாத்தாள் எழுந்தார். போகிற போக்கில் பார்க்காமலே மேசையில் கைவைத்து, புதுக் கத்தியை எடுத்துப் பெல்ட்டில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

பழையது மேசை மேலேயே கிடந்தது. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மிச்ச மோரைக் குடித்து முடித்து, உள்ளே பார்த்து, "இன்னொரு டம்ளரு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.